வாய் அசைந்தால்தான் ஆர்டர்

மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வெளியே விட்டபோது கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றவர் மாமா, என் அக்காள் புருஷன். அவர் முகத்தைப் பார்த்தால், வேண்டாத சாமானை ஏலத்தில் எடுத்துவிட்டவர் போல இருந்தது. மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாடும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விடுதலையானோம் என்று பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மலாக்கா வரும்வரை ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே காஜா பெராங்கில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. வீடு மேலே, கடை கீழே. என்னை மேசை பார்க்க வைத்தார். வந்து உட்காருபவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் தே என்கிற டீயைக் கலக்குபவரிடமும் அடுப்படியிலும் சொல்ல வேண்டும். நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட்டார்.

“மாரியம்மன் திருவிழா வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்குக் கூட்டத்த நீ சமாளிச்சா இங்கயே இரு. இல்லேன்னா நானே கொண்டுபோய் அங்க விட்டுருவேன்.”

அக்காள் மறுத்துப் பேசவில்லை. அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். நோய் முற்றியிருந்தபோது நான் போட்ட கூச்சலை அவர்கள் மறந்திருக்கவில்லை. எப்படியாவது இந்த மேசைகளைப் பிடித்துக்கொள்வது, திரும்பிப் போவதில்லை என்று முடிவு கட்டினேன். பெரிய வைராக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஊற்றிய கஞ்சி அப்படி.

பிடித்துக்கொள்வதுதான் என்னால் ஆகாத காரியமாக இருந்தது. நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு மேசையில் இரண்டு தே, ஒரு கோப்பி, பால் ஊற்றாமல் ஒரு தே ஓ என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டால், வடை வைத்த கண்ணாடி அலமாரியைத் தாண்டும்போது கையில் மிஞ்சுவது ‘ஒரு’ மட்டும்தான். திரும்பிப் போய்க் கேட்பேன். இப்படி மூன்று நடை நடந்தபின், தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு கிராணி, தாங்கள் என்ன கேட்டோம் என்பது தங்களுக்கே மறந்துவிட்டது, பார்த்து ஏதாவது கொண்டுவா என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டர் இதை முன்பே சொல்லித்தான் அனுப்பினார். படித்தது எங்கும் போகாது. புதிதாகக் காதில் விழுவதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும் சக்தி குறைந்திருக்கிறது, வேகமும் குறைந்திருக்கிறது, அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் ஒரு பாகம் என்றார். இதை மாமாவிடம் சொன்னேன். சோம்பேறித்தனத்துக்கு இத்தனை நீளமான விளக்கத்தை அவர் அதுவரை கேட்டதில்லையாம்.

அடுப்படியில் சமையல்காரர் ஆட்டு மூளையை மஞ்சள் தண்ணீரில் போட்டுச் சவ்வெடுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வழவழவென்று, மடிப்பு மடிப்பாக இருந்தது. எந்த மடிப்பில் இந்தத் தே ஓ விழுந்து காணாமல் போகிறது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத கீழ வை தம்பி. உன்னோட ஒன்ன வச்சே நாங்க படாத பாடு படுறோம்” என்றார்.

மூளைக்கு மூளைதான் மருந்து என்பது அவருடைய வைத்தியம். வெள்ளிக்கிழமை கடையில் கவிச்சி இல்லை. மற்ற நாளெல்லாம் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். ஞாபகம் அப்படியே இருந்தது. கால்சட்டைதான் இறுக்கமாகிவிட்டது.

தலை நரைத்த பிறகு என்னையும் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். எனக்கிருக்கும் நோய்க்கு அதற்குள் தமிழில் மனச்சிதைவு என்று பெயரும் வந்திருந்தது. இந்த நோய் உள்ளவர்களைக் கூட்டாக எடுத்துப் பார்த்தால், மூளையின் சாம்பல் நிறப் பகுதி மற்றவர்களுடையதைவிடச் சற்று மெலிந்தும், உள்ளே நீர் நிற்கும் அறைகள் சற்று அகன்றும் இருக்குமாம். என் அக்காள் படமெடுக்காமலே சொன்ன சங்கதி. ஆனால் அது சராசரிக் கணக்குதான். ஒரு தனி ஆளின் படத்தை வைத்து இவனால் இது ஆகும், இது ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார் அந்த மருத்துவர். நான் கடை முழுக்க மேசை பார்த்தவன் என்றேன். அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

அந்த மேசைகளை எப்படிப் பார்த்தேன் என்றால், கத்திப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு நடந்தால்தானே வழியில் சிந்துகிறது? கேட்ட இடத்திலேயே நின்று, கேட்ட கையோடு தே கலக்குபவருக்குக் குரல் கொடுத்துவிட்டால் என் தலைக்கு வேலையே இல்லை. மற்ற கடைகளில் அப்படித்தான் செய்தார்கள். எங்கள் மாமாவுக்கு மட்டும், கிராணிமார் வருகிற கடை, சத்தம் கூடாது.

“சத்தம் போட்டதாலதான் உன்ன அங்க கொண்டுபோய் விட்டோம்” என்றார்.

“அன்னைக்கு யாரப் பார்த்துக் கத்துனேன்னு எனக்கே தெரியாது மாமா. இப்பத் தே கலக்குறவரப் பார்த்துக் கத்துறேன். அவர் பதில் சொல்றாரு.”

அவர் யோசித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகக் கத்து என்றார்.

சில நாள் நன்றாகப் போயிற்று. பிறகு கடையில் ஒரு தே அதிகமாக வர ஆரம்பித்தது. குடிக்க ஆளில்லை. காரணம் எனக்குத் தெரியும். என் தலைக்குள் ஒரு குரல் உண்டு. முன்பெல்லாம் அது என்னைக் கண்டபடி திட்டும். மாத்திரை சாப்பிட்டு அடங்கியிருந்தது. இப்போது கடைக்கு வாடிக்கையாளராக வந்துவிட்டது. மரியாதையாக ஒரு தே ஓ கேட்கும். நானும் உரக்கச் சொல்லிவிடுவேன். மாமா பார்ப்பதற்குள் நானே எடுத்துக் குடித்துவிடுவேன்.

வயிறு தாங்கவில்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டேன்: வாய் அசைந்தால்தான் ஆர்டர். ஆளின் உதட்டைப் பார்ப்பேன். அசையாமல் வந்த தே ஓ கணக்கில் இல்லை. வெற்றிலை போடுகிறவர்களிடம்தான் கஷ்டம். அவர்கள் வாய் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். அந்தக் குரல் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். அவர்களிடம் இரண்டு தடவை கேட்பேன். பக்கத்துக் கம்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மலாக்காச் செட்டிமார் மேசையில் சந்தேகமே கிடையாது. அவர்கள் சாமி நம் சாமி, பேச்சு மலாய். என் தலைக்குள் இருக்கும் குரலுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். நாடே மலாய் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அது மட்டும் போகவில்லை.

திருவிழா அன்று கடையில் நிற்க இடமில்லை. நான் மேசைக்கு மேசை நின்று, உதட்டைப் பார்த்து, குரல் கொடுத்துக்கொண்டே போனேன். தொண்டை கட்டியதே தவிர ஒன்றும் தவறவில்லை. மத்தியானம் தாண்டியபோது முதுகுக்குப் பின்னால் ஒரு தே ஓ கேட்டது. திரும்பினேன். ஒரு உதடும் அசையவில்லை. விட்டுவிட்டேன். மறுபடி கேட்டது, கொஞ்சம் கோபமாக. எனக்கும் கோபம் வந்தது. இன்றைக்கா வருவாய்?

“பேசாம இரு” என்றேன், வாய்விட்டு.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த லாரி டிரைவர். நல்ல உடம்பு.

“யாரடா பேசாம இருங்குற?”

மாமா கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போகும் பஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அதை நினைவு வைத்துக்கொள்ள வேறு வேண்டும்.

“அண்ணே, எனக்குக் காத நம்ப முடியாது. ஆள் இல்லாமயே கேக்கும். வாயப் பார்த்தாத்தான் நம்புவேன். நீங்க முதுகக் காட்டிக் கேட்டுட்டீங்க.”

டிரைவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை. துண்டால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“அவன் பக்கம் திரும்பிச் சொல்லுங்க” என்றார். “இந்தக் கடையில அப்படித்தான்.”

டிரைவர் நாற்காலியை முழுசாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்து, தே ஓ என்றார். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.