மாலை போட்ட எத்திராஜ்

என் தங்கை வீணாவின் வீட்டுக்காரர் எத்திராஜை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, அவருக்கும் தெரியும். தொம்மலூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். அடையாள அட்டையில் இருக்கிற முகத்தையும் அதை நீட்டுகிறவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. பகலெல்லாம் இப்படிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் நம்பு என்றால் எப்படி நம்புவது?

அதிலும் எத்திராஜ் நடிகர். அவர்கள் குடியிருக்கிற நீலசந்திராவில் அவர் முகம் தெரியாத ஆள் கிடையாது, வெளியே அவர் பெயர் தெரிந்த ஆளும் கிடையாது. கன்னடப் படங்களில் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவாரே ஒரு டாக்டர், அவர்தான். சீரியலில் நல்லவர்களிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற வக்கீலும் அவர்தான். மீதி நேரமெல்லாம் கதாநாயகியின் அப்பா. அதுவும் பெரும்பாலும் செத்துப்போன அப்பா.

ஷூட்டிங் இல்லாத நாட்களில் மைக் பிடிப்பார். எங்கள் தெருப் பிள்ளையார் கச்சேரியில் பாட்டுக்காரர் வர நேரமாகி, கூட்டம் கல்லை எடுக்கப் போகிற நிலைமையில், கமிட்டிக்காரர்கள் இவரை மேடையில் தள்ளிவிட்டார்கள். கன்னடத்தில் வணக்கம், தமிழில் ஒரு கிண்டல், முன்வரிசை பாய்மார்களுக்கு உருதுவில் ஒரு ஆதாப் என்று பேசிக்கொண்டே போனார். பாட்டுக்காரர் வந்து இவரை இறங்கச் சொன்னபோது ஜனம் பாட்டுக்காரரைத் திட்டியது. அதிலிருந்து கல்யாண ரிசப்ஷன், அபார்ட்மெண்ட் தீபாவளி, நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவ விழா, லோக்கல் கேபிளில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி என்று வண்டி ஓடுகிறது. எனக்குப் பிடிக்காதது என்னவென்றால், மைக் இல்லாதபோதும் மைக் பிடித்த மாதிரியே பேசுவார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இதோ, தன் பொன்னான நேரத்தை ஒதுக்கி நம்மிடையே வந்திருக்கிறார், அருமை மச்சான்!" என்பார். இப்படிப்பட்ட ஆள் எப்போது நிஜமாகப் பேசுகிறார் என்று நான் எங்கே போய் விசாரிப்பது?

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஷாட் முடிந்ததும் பாடையிலிருந்து எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்து, ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்த பிறகுதான் விடுவார்கள். செத்தது பொய் என்று ஆகிவிட வேண்டும் அல்லவா. என் தங்கை வீணா பல்லிக்குக்கூடப் பயப்படாதவள். ஆனால் எத்திராஜ் செத்துவிட்டு வருகிற நாளில் கதவைப் பாதிதான் திறப்பாள்.

"சிரிச்சிட்டு வந்தீங்களா?"

"சிரிச்சேன்டி."

அப்புறம்தான் முழுக் கதவும் திறக்கும்.

அவர்களுடைய ஒரே மகள் சிந்து. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அங்கேயே வேலை பார்க்கிற நரேஷ் என்ற பையனைப் பிடித்துப்போய், வீட்டில் சொன்னாள். பையனின் அப்பா சின்னப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். போன வருஷம்தான் ஹெப்பகோடியில் ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தார். பேச்சு சுமுகமாக முடிந்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் சின்னப்பாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"சந்தானம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாப்பிள்ளைக்கு வேற குடும்பம் ஏதாச்சும் இருக்குதா?"

கேட்டில் வண்டி நிற்பதையும் மறந்து நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்க தெருவுல வள்ளியம்மான்னு ஒருத்தங்க. நிச்சயத்துக்குக் கூப்பிடலாம்னு போனேன். ஹால்ல உங்க மாப்பிள்ளை போட்டோ. மாலை போட்டு, பொட்டு வெச்சு, சிவப்பு பல்பு எரியுது. யாருங்கம்மா இதுன்னு கேட்டேன். வீட்டுக்காரரான்னு கேட்டேன். ஆமான்னு தலையை ஆட்டுறாங்க சார். செத்துட்டாருன்னு அந்தம்மாவை நம்பவெச்சிட்டு இங்க வந்து இன்னொரு குடும்பம் நடத்துறாரா? அதைச் சொல்லுங்க முதல்ல. அப்புறம் நிச்சயத்தைப் பத்திப் பேசலாம்."

சிந்துவின் நிச்சயம் போச்சே என்றுதான் முதலில் தோன்றியது. அதே சமயம், இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதும் நிஜம்.

அன்று சாயங்காலமே நீலசந்திராவுக்குப் போய் எத்திராஜின் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சிரித்தார். "அட, அது சீரியல் போட்டோ மச்சான். மீசைக்கு வெள்ளை அடிச்சு, தடிக் கண்ணாடி போட்டு எடுத்தாங்க. ஹீரோயினோட அப்பா. அந்த வீட்டுப் பக்கமே நான் போனதில்லை. போட்டோ மட்டும்தான் நடிச்சுது. சீரியல் பாதியில நின்னுபோச்சு, போட்டோவைக் கழட்ட மறந்திருப்பாங்க."

"அந்தம்மா புருஷன்னு சொல்றாங்களே?"

சிரிப்பு நின்றது. "அது எனக்கும் தெரியலை."

வீணா உள்ளே போய்விட்டாள். சிந்து என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "மாமா, நீங்கதான் அப்பாவை எப்பவும் சந்தேகமாவே பாக்கறீங்க. நீங்க சொல்லுங்க. அப்பா அப்படிப்பட்டவரா?" இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "விசாரிச்சுப் பாக்கலாம்மா" என்றுதான் வந்தது. நரேஷ் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை என்று அவள் சொன்னபோது எனக்கு எத்திராஜை அடிக்கலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் நானும் எத்திராஜும் ஹெப்பகோடிக்குக் கிளம்பினோம். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே வழி நெடுக எத்திராஜ் வாயே திறக்கவில்லை. மைக் பிடிக்கிற ஆள் மௌனமாக வந்தால் நான் என்னவென்று நினைப்பது? கண்ணாடியில் அவர் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

சின்னப்பா தெருமுனையிலேயே காத்திருந்தார். கும்பிட்ட கும்பிடில் பழைய மரியாதை இல்லை. வள்ளியம்மா வீடு முன்கூடமும் மரத்தூண்களுமாக, ஷூட்டிங்குக்கென்றே கட்டினது போல இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே காம்பவுண்டுக்குள் வந்து நின்றார்கள். சின்னப்பா யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

கதவைத் திறந்த வள்ளியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எத்திராஜைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஹாலை நோட்டம் விட்டேன். சுவரில் வெள்ளை மீசையோடு எத்திராஜ். பிளாஸ்டிக் மாலைக்கு மேலே, அன்று காலையில் கட்டின மல்லிகைச் சரம்.

"இவரைத் தெரியுதாம்மா?" என்றார் சின்னப்பா.

அவள் காம்பவுண்டில் நின்ற பெண்களைப் பார்த்தாள்; பிறகு எத்திராஜைப் பார்த்தாள். செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்டவர்களையும் செய்த தப்புக்கு மாட்டிக்கொண்டவர்களையும் கேட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் பார்த்தது இரண்டிலும் சேரவில்லை. ஷூட்டிங் போட்டோதான், முடிந்தது விஷயம் என்று சொல்ல எத்திராஜுக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லுய்யா என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

எத்திராஜ் செருப்பைக் கழற்றினார். நேரே போய்த் தன் போட்டோவுக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

"அண்ணா," என்றார். குரல் உடைந்தது. "நீ போனப்பகூட நான் வரலையே அண்ணா." பிறகு வள்ளியம்மாவைப் பார்த்துத் திரும்பி, "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எத்திராஜுக்கு அண்ணனே கிடையாது. வள்ளியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, தம்பி?" என்றாள்.

இத்தனை வருஷம் நடித்த எத்திராஜுக்கே அப்படி ஒரு டயலாக் கிடைத்திருக்காது.

சின்னப்பா மட்டும் விடவில்லை. "ஷூட்டிங் போட்டோன்னு நீங்க சொன்னதா சந்தானம் சார் போன்ல சொன்னாரே?"

"வீட்டுத் தகராறு சம்பந்தி. அண்ணன் செத்ததுக்கே போகாதவன்னு எந்த முகத்தோட உங்ககிட்ட சொல்லுவேன்? முகத்தைப் பாருங்க, எங்க அம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்துட்டா." சின்னப்பா போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். என் வேலையை அவர் செய்தார், எனக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாமல். கடைசியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காம்பவுண்டுப் பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். "யாரும்மா நீங்க? உங்க ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அவரை இன்னிக்கித்தான் பாக்கறேன்," என்றாள் டம்ளரை நீட்டிக்கொண்டே. "என் வீட்டுக்காரர் கோலாருல வேற ஒருத்தியோட போயிட்டாருங்க. தாலியைக் கழட்டி அவர் மூஞ்சியிலேயே வீசிட்டு, என் தாய்மாமா விட்டுட்டுப் போன இந்த வீட்டுக்கு வந்தேன். கழுத்துல ஒண்ணும் இல்லை, கூட ஆளும் இல்லைன்னா இந்தத் தெரு என்னென்ன பேசிச்சு தெரியுமா? வாடகைக்கு வந்தவன்கூட ராத்திரியில கதவைத் தட்டினான். அப்புறம் ஷூட்டிங்காரங்க இந்தப் படத்தை மாட்டிட்டுப் போனாங்க. எதிர்வீட்டம்மா வந்து பாத்துட்டு, எப்போ தவறினாருன்னு கேட்டாங்க. நான் சும்மா இருந்தேன். அன்னியிலேருந்து ஒருத்தரும் ஒண்ணும் பேசறதில்லை."

அவள் சொன்னதை நம்பினேனா என்றால், அப்போது நம்பினேன். திரும்பி வரும்போது மடிவாளா சிக்னலில் சந்தேகம் மறுபடி வந்தது. ஒத்திகை பார்க்காமல் இரண்டு பேர் அப்படி நடிக்க முடியுமா?

"உண்மையைச் சொல்லியிருந்தாலே சிந்து கல்யாணம் முடிவாகியிருக்கும்யா," என்று கத்தினேன்.

"ஆகியிருக்கும்," என்றார் எத்திராஜ். "அந்தம்மா அதே தெருவுலதானே மச்சான் இருக்கணும்? பூவைப் பாத்தீங்களா? புதுப் பூ."

மைக் குரல் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பொய் அதோடு நின்றதா என்றால் இல்லை. நிச்சயத்துக்கு முதல் நாள் சின்னப்பா போன் செய்து, தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் பெரியப்பா படத்தைக் கும்பிட வேண்டும் என்றார். தம்பி வீட்டில் அண்ணன் படம் இல்லாமலா இருக்கும் என்பது அவர் கணக்கு. எத்திராஜ் சீரியல் ஆர்ட் டைரக்டரைப் பிடித்து அதே போட்டோவின் இன்னொரு பிரதியை வாங்கி, பிரேம் போட்டுக் கொண்டுவந்தார்.

வீணா அதைப் பார்த்து நின்ற நிலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"நானே மாட்டி, நானே மாலை போடணுமா?"

"சிந்துவுக்காக வீணா. சும்மா ஒரு அரை நாள். அப்புறம் எடுத்துடலாம்."

"உங்களுக்கு அது வேஷம். கயிறு என் கழுத்துல இருக்கு." அவள் சத்தம் போட்டு அழுதாள். சிந்து ஓடிவந்து, "வேணாம்மா, இந்தக் கல்யாணமே வேணாம்," என்று கட்டிக்கொண்டாள். வீணா மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, படத்தை மாட்டினாள். மாலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டாள்.

நிச்சயம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. வள்ளியம்மா பெரியம்மாவாக முன்வரிசையில் உட்கார்ந்தாள். எத்திராஜ் மைக்கைப் பிடித்து, "எங்கள் குடும்பத்தின் மூத்த மருமகள், என் அண்ணி," என்று அழைத்தபோது ஹெப்பகோடித் தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே மேடையேறினாள். அது நடிப்பா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

சம்பந்தி வீட்டார் இப்போது அடிக்கடி வருகிறார்கள். வருகிற ஒவ்வொரு முறையும் படம் சுவரில் ஏறும். போன ஞாயிறும் வந்தார்கள். சின்னப்பா படத்துக்குக் கைகூப்பி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டதும் வீணா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். படத்தை இறக்கி, மாலையைப் பிய்த்தெறிந்து, பொட்டை முந்தானையால் துடைத்து, பீரோவில் முகம் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை ஹால் நடுவில் போட்டு எத்திராஜை உட்காரவைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சிரிங்க."

அவர் பல் தெரியச் சிரித்தார். மேடையில் சிரிக்கிற சிரிப்பு; எனக்கு நன்றாகத் தெரியும்.

வீணா என்னைவிட மோசமாகச் சந்தேகப்படுகிறவள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். தாலிக்கயிறு அவள் கைக்குள் இருந்தது.

"இது மைக் சிரிப்பு," என்றாள். "எனக்கு வேணாம். மறுபடி சிரிங்க."