முன் ஆக்சிலில் சிவப்பு மண்

பழைய வண்டியின் கியர் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தே, முன்பு வைத்திருந்தவனின் லட்சணத்தைச் சொல்லிவிடுவாள் வெர்னா கிட்டில்சன். அமெரிக்காவின் மொன்டானாவில் அவள் இருக்கும் பக்கம் தார் ரோட்டுக்கே முப்பது மைல் போக வேண்டும். வண்டியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துதான் ஆக வேண்டும். ஆனாலும் அவளுடைய குடைச்சல் கொஞ்சம் அதிகப்படிதான்.

இந்த முறை அவள் முன்னால் நின்றது தம்பி ஆர்லனின், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் வண்டி. நான்கு வருடமாக அவனோடு பேச்சில்லை. வெள்ளத்தில் ஓடைப் பாலம் போன அன்று அவள் புருஷன் மெர்லுக்கு நெஞ்சுவலி. அக்கரையில் இருந்த தம்பியைப் போனில் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. தாண்ட முடியாது என்று பிறகு ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது மெர்லின் உயிர் போய்விட்டிருந்தது. தம்பி வாசற்படிகூட இறங்கியிருக்க மாட்டான் என்பது அவள் முடிவு.

அந்த வருடத்திலிருந்து வண்டி அவன் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவன் ஊரைவிட்டுப் போனபோது ஏலத்துக்கு வந்ததை, வீம்புக்கென்றே இவள் எடுத்தாள்.

"அவன் மூஞ்சியே வேண்டாம், வண்டி மட்டும் வேணுமாக்கும்?" என்றார் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட், வேலியில் சாய்ந்தபடி.

"வாயை மூடிக்கிட்டு அந்த ஸ்பேனரை எடுங்க."

முன் சக்கரங்களின் அச்சான ஆக்சிலில், முதலில் மேலே ஆயில் ஊற்றும் திருகைக் கழற்றினாள். அது கழன்று வருமா என்று பார்க்காமல் கீழ்த் திருகைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் முழித்தவர்களை அவளுக்குத் தெரியும். டெல்பர்ட்டே ஒருவர். பிறகுதான் கீழ்த் திருகு. ஆயில் வரவில்லை, பால் ஊற்றிய காப்பி மாதிரி ஏதோ கொழகொழவென்று வந்தது.

"தண்ணி குடிச்சிருக்கு. சூடா இருக்கிற ஆக்சில் குளிர்ந்த தண்ணில இறங்கினா காத்துப் போறதுக்கு வச்ச மூச்சுக்குழாய் வழியா இழுத்துக்கும். நல்ல ஆழத்துல இறக்கியிருக்கான்."

"மீன் பிடிக்கப் போயிருப்பான்" என்றார் டெல்பர்ட்.

வெர்னா அடியில் படிந்திருந்ததை விரலால் வழித்தாள். சிவப்பு மண். மேட்டுக்கரை சரிந்து ஓடை சிவந்தது பாலம் போன அந்த ஒரு வெள்ளத்தில்தான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். கியர்க்கோல் இன்னும், ஆழத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் போடும் ஃபோர்வீல் லோவிலேயே கிடந்தது.



அழுக்குக் கையோடு போனை எடுத்தாள். "ஆர்லன், அன்னைக்கு ஓடையில எவ்வளவு தூரம்டா போன?"



"பாதி வரைக்கும். தண்ணி கதவுக்குள்ள ஏறிச்சு. பயந்துட்டேன், வெர்னா. ரிவர்ஸ் எடுத்துட்டேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, மீதிப் பாதி ஏன் வரலைன்னு கேட்டிருப்ப."

 அவள் கேட்டிருப்பாள்தான்.