வெள்ளக்கோடும் பெயிண்டரம்மாவின் தோளும்

பார்க்க வேண்டிய இடங்கள் என்று சுற்றுலா அலுவலகம் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் ஏழு இடங்கள் இருக்கும். பாலம், மணிக்கூண்டு, அருங்காட்சியகம் எல்லாம் முடிந்து ஏழாவதாக வருவது, ஆற்றங்கரைப் பழைய கிடங்கின் சுவரில் ஒரு நீலக்கோடு. நூறு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் அதுவரை ஏறியதாம். மற்ற ஆறையும் பார்த்துக் கால் ஓய்ந்தவர்கள் இங்கேதான் உற்சாகமடைவார்கள். கோட்டோரம் நின்று, கையைத் தூக்கி, கண்ணைப் பிதுக்கி, மூழ்குவதுபோல் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பேரழிவு வேடிக்கையாக மாற நூறு வருடம் போதும் போலிருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை சுவர் முழுவதும் வெள்ளையடித்து, அது காய்ந்தபின் கோட்டைப் புதிதாகப் போடுபவளை அலுவலகத்தில் பெயிண்டரம்மா என்பார்கள். முன்பு அது அவள் கணவர் பார்த்த வேலை. முழங்கால் தேய்ந்து அவர் ஏணியை விட்டபோது, தற்காலிகமாக இவளை வைத்துக்கொண்டார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது பதினோரு வயது. நிரந்தரமாக்கக் கேட்டு அவள் கொடுத்த மனு மேலாளரின் மேசையில் இருந்தது. மனுவின் மேல் தேநீர்க் கோப்பை இருந்தது.

ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக்காரர் வர்றாரும்மா. வெள்ளம் எவ்வளவு உயரம்னு பழைய பதிவேடு ஒண்ணு கிடைச்சிருக்காம். நம்ம கோட்டை அளந்து பாக்கணுங்கிறார். சரியா இருந்தா உங்க மனுவை அன்னிக்கே மேல அனுப்பிடறேன்."

"இல்லன்னா சார்?"

"அதெப்படிம்மா இல்லாம போகும்?"

சாயங்காலம் வீட்டில் கணவர் காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"அளக்கட்டுமே. சுவரோரமா நேரா நிக்கணும், தோள் உயரத்துல நூல் பிடிக்கணும். நான் சொன்னபடிதான போடுற?"

"அப்படியேதான். என் தோள் உயரத்துல."

கத்தி நின்றது. "உன் தோளா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரர் தோளா?"

"என் தோள்டி. நான் சொன்னது என் தோள்."

"தோள்னுதான் சொன்னீங்க. யாருதுன்னு சொல்லல."

அவர் எழுந்து அவளைக் கதவோரம் நிறுத்தி, தானும் நின்று, கையை விரித்து வைத்துப் பார்த்தார். இரண்டு தோளுக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

"ஆத்துல ஒரு சாண் தண்ணிய வத்த வச்சிட்டியே."

"பதினோரு வருஷமா நீங்க ஒரு தடவையாவது வந்து பாத்தீங்களா?"

"முழங்கால் வலி."

"கண்ணுக்கு என்ன வலி?"

மறுநாள் உண்மையைத் தானே முதலில் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். நேர்மை பாதி, எப்படியும் மாட்டிக்கொள்வோம் என்ற கணக்கு பாதி. ஆனால் அவள் போய்ச் சேரும்போதே ஆராய்ச்சிக்காரர் ஏணியில் இருந்தார். கிடங்கு வாசலின் மேல்கல்லிலிருந்து கீழ்நோக்கி அளக்கச் சொல்லியிருந்ததாம் பதிவேடு.

"சார், ஒரு விஷயம்..."

"இருங்கம்மா," என்றார் மேலாளர்.

"நாப்பத்தோரு அங்குலம்," என்றார் ஆராய்ச்சிக்காரர். குறிப்பைப் பார்த்தார். "அப்படியே இருக்கு."

"இன்னொரு தடவ அளந்து பாருங்க சார்," என்றாள் பெயிண்டரம்மா.

தொழில் பெருமை என்று எண்ணி, அவர் மரியாதையோடு மீண்டும் அளந்தார். அதே நாற்பத்தொன்று.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். வேலைக்கு வந்த புதிதில் கிடங்கு வாசலில் ஒரு படி இருந்தது. பெயிண்ட் வாளியை அதில்தான் வைப்பாள். இப்போது படி இல்லை. தெரு வாசலுக்குச் சமமாக வந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மூன்று முறை ரோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாலு விரல். மொத்தம் பன்னிரண்டு விரல், ஒரு சாண்.

"எப்படிம்மா இவ்வளவு துல்லியமா போடுறீங்க?" என்று கேட்டார் ஆராய்ச்சிக்காரர்.

"என் தோள் உயரத்துல போடுறது சார். இத்தனை வருஷமும் தப்பாத்தான் இருந்துச்சு. ரோடு ஏறி ஏறி இப்பதான் சரியாச்சு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "என்ன அடக்கம் பாத்தீங்களா," என்றார் மேலாளர். அன்றைக்கே தேநீர்க் கோப்பை இடம் மாறியது.

"நான் சொல்லிக் குடுத்த முறையாச்சே," என்றார் வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர்.

"ஆமா, ரோடும் நீங்கதான் போட்டீங்க. அடுத்த மாசம் மறுபடி போடப்போறாங்களாம். கோடு நாலு விரல் ஏறிடும்."

அவர் யோசித்தார். "உனக்கும் வயசாகுது. நாலு விரல் குறுகிட மாட்டியா?"

அவள் அதை நம்பி இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கோட்டின் ஓரத்தில் தடித்த ஆணி ஒன்றை அடித்தாள். இனி ரோடு எவ்வளவு ஏறினாலும் கோடு ஆணியை விட்டு நகராது.

புது ரோடு போட்ட மறுவாரம், நிரந்தர ஆணை கைக்கு வந்திருந்தது. கிடங்கோரம் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவள் காதில், பயணிகளைக் கூட்டி வந்த வழிகாட்டியின் குரல் விழுந்தது.

"இந்த ஆணியப் பாருங்க. அந்த வெள்ளத்துல படகைக் கட்டி வச்சது இதுலதான்."

"துருவே பிடிக்கலையே," என்றார் ஒருவர்.

வழிகாட்டி இவள் பக்கம் திரும்பினான். "சொல்லுங்கம்மா, பழசுதான?"

"போன மாசம் நான் அடிச்சது."

கூட்டம் முழுவதும் சிரித்தது. ஒருவர் அவளை ஆணியருகே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவள் தோள் கோட்டுக்கு நாலு விரல் மேலே இருந்தது.