மயில் முட்டைக்கு ஒரு மனு

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முப்பத்தொன்பதாவது பிரிவின்படி காட்டு உயிர் அரசாங்கத்தின் சொத்து. அது ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். நல்ல விதிதான். மயில் முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும். அதுவரை முட்டையை யார் சூடாக வைத்திருப்பது என்பதை மட்டும் விதி சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அதை ஒரு சிவப்புக் கோழி செய்தது.

எழுபதுகளின் பின்பாதி. நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தோம். அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, வனக் காவலர். காப்புக்காட்டு எல்லை எங்கள் வீட்டுக்கு அருகில் என்பதால் எங்களோடே தங்கியிருந்தார். விறகு வெட்டுபவர்களின் கத்தியைப் பிடுங்குவது, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, முயலுக்கு வைத்த கண்ணிகளை அவிழ்த்து எடுத்துவருவது, இதெல்லாம் அவர் வேலை. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘கார்டு’.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் காலை, காட்டோரம் கடலை பயிரிடும் ஒருவர் துண்டில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். வரப்புப் புதரைக் கொளுத்தியிருக்கிறார். உள்ளே மயில் அடையில் இருந்தது அவருக்குத் தெரியாது. அது பறந்து போனது. மறுநாள் காலைவரை திரும்பவில்லை. துண்டில் நான்கு முட்டைகள்.

“முயலுக்குக் கண்ணி வெச்சா என்னைப் புடிக்கறீங்க. இது என் கடலையத் தின்னா அதை யாரும் புடிக்கறதில்ல. இப்ப நானே அதோட முட்டையத் தூக்கினு வந்து நிக்கறேன், பாத்துக்குங்க கார்டு” என்றார் அவர். முந்தின பொங்கலின்போது மாமா அவருடைய கண்ணிகளைப் பறிமுதல் செய்திருந்தார். அந்தக் கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் முட்டையைக் கொண்டுவந்திருந்தார்.

மாமா முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துப் பார்த்தார்.

“ரிப்போர்ட் பண்ணணும்ல?” என்றாள் அம்மா.

“பண்ணலாங்க்கா. முட்டை நாலும் ஆபீஸ் மேஜை மேல குந்தினு இருக்கும். ஃபைல் நகர்றதுக்குள்ள கூழாயிடும். உன் கோழிக்கு ரூல் தெரியாது. அதனால அது ஒழுங்கா வேலை செய்யும்.”

அடைக்கு உட்கார்ந்திருந்த சிவப்புக் கோழியின் சொந்த முட்டைகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தார். கோழிக்கு இருபத்தொரு நாள்தான் பழக்கம். அதற்குமேல் எழுந்துவிடுமோ என்பது மாமாவின் கவலை. இருபத்திரண்டாம் நாளிலிருந்து ரோந்து முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கூடையைத்தான் பார்ப்பார். கோழி எழவில்லை. ஆனி முடியும் முன் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்காவது கூமுட்டை.

மண்நிறக் குஞ்சுகள். ஒரு வாரத்திலேயே இறக்கை முளைத்துக் கூடை விளிம்பில் ஏறி நின்றன; கோழி கீழே நின்று கத்தியது. மரத்தில் அடையும் அளவுக்கு வளர்ந்ததும் காட்டோரத்தில் விட்டுவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். எனக்கோ ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும்; பிறகு அதை நானே வைத்துக்கொள்ள வேண்டும். என் தோழியை வீட்டுக்கு அழைத்துவந்து, அவள் எதிரிலேயே மாமாவிடம் கேட்டேன்.

மாமா சிரித்தார். “இதுக்கு ஓனர் யாரு தெரியுமா கலெக்டரம்மா? கவர்மெண்ட்டு. எங்கிட்ட ஏன் கேக்கற? கவர்மெண்ட்டக் கேளு.”

தோழியும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மாதம்தான் வகுப்பில் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. அதில் நான் வகுப்பிலேயே முதல். கவர்மெண்ட்டைக் கேட்டேன். ரேஞ்சர் ஐயா அவர்களுக்கு, மயில் குஞ்சு ஒன்றை வளர்க்க அனுமதி வேண்டி. காரணங்களைத் தெளிவாக எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், முட்டை யார் கொண்டுவந்தது, எந்தத் தேதியில், எந்தக் கோழியிடம் வைத்தோம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘வனக் காவலரான என் மாமா இதைத் தங்களுக்கு இதுவரை தெரிவிக்கவில்லை.’

என் வேண்டுகோளுக்கு அந்த வரி தேவையில்லை. தேவையில்லை என்பது பத்து வயதிலும் எனக்குத் தெரியும். எழுதும்போது நாக்கில் ஏதோ இனித்தது. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆவணியில் ஜீப் வந்தது. மாமாவுக்கு மேலதிகாரியான வனவர் இறங்கி, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “மனு வந்திருக்குப்பா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார். குஞ்சுகளை மூங்கில் கூடையில் போட்டு மூடினார்கள். சிவப்புக் கோழி ஜீப்பின் பின்னால் சாலைவரை ஓடியது. மூன்றாம் நாளே குஞ்சுகள் மூன்றும் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. கோழி இல்லாமல் அவை தீனி எடுக்கவில்லையாம்.

பிறகு மாமாவுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. கிணற்றோரம் நின்று பிரித்துப் படித்தார்; கடைசித் தாளில் வெகுநேரம் நின்றார். மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“யாருடா எழுதனது?” என்றாள் அம்மா.

“பேரு போடல. மொட்டக் கடுதாசி.”

வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி மறக்கிறவள் இல்லை நான். ஆனால் அந்த நேரத்தில் அதை நம்புவது வசதியாக இருந்தது.

அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பெரியவர்களில் முட்டை விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவர்தான். கண்ணி பறிபோன கோபமும் அவருக்கு இருந்தது. “அவன் இல்லக்கா, வுடு” என்று மாமா இரண்டு முறை சொன்னார். அம்மா விடவில்லை. கடலைக்காரர் ஒரு மாலை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது, தெருவே கேட்கும்படி பிடித்துக்கொண்டாள்.

“சோறு போடற வேலையில கை வெச்சிட்டியே, நல்லா இருப்பியா?”

“நானா? எனக்குக் கைநாட்டுத்தாங்க அக்கா. எழுத வந்தாத்தானே எழுதுவேன்.”

“எழுதிக் குடுக்க ஊர்ல ஆளா இல்ல?”

அவர் மடியில் எங்களுக்காகக் கொண்டுவந்திருந்த பச்சைக் கடலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு அதோடே திரும்பிப் போனார். நான் உள்ளே கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விடை சரியாக வந்தது. அந்த ஊரில் நாங்கள் இருந்த வரைக்கும் அவர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

மாமாவுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், ஜவ்வாது மலைக்கு மாற்றல். வனவர் பதவி உயர்வுக்கான பட்டியலில் அவர் பெயர் அந்த ஆண்டு விடுபட்டது; பிறகு சேரவே இல்லை. காவலராகவே ஓய்வு பெற்றார். புறப்பட்ட அன்று பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, “எழுத்து குண்டு குண்டா அழகா இருக்கு கலெக்டரம்மா. வுட்டுடாத” என்றார். பள்ளிக்கூட நோட்டைப் பார்த்திருப்பார் என்று எண்ணி எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் கலெக்டர் ஆகவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் பதினேழு-பி பிரிவில் முதன்முதலாக ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரித்த நாளில், எந்த ஆவணங்களை ஆதாரமாகக் காட்டுகிறோமோ அவற்றின் பட்டியலும் நகலும் உடன் இணைக்கப்பட வேண்டும் என்று என் மேலாளர் சொன்னார். மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். கிணற்றோரம் மாமா கடைசித் தாளில் ஏன் அவ்வளவு நேரம் நின்றார், என் எழுத்தை எங்கே பார்த்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

உண்மையைச் சொன்னால், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரசுப் பணி தேவைப்பட்டிருக்கக் கூடாது. மனுவுக்குப் பதில் அனுப்பும் வழக்கம் அலுவலகங்களுக்கு உண்டு. என் பெயர், இனிஷியல், கதவு எண் எதிலும் பிழை இல்லாமல், ‘திருவாளர்’ என்று மட்டும் ஆண்பாலாக்கி, பழுப்பு உறையில் அது வந்தது. தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். பார்வையில் கண்ட தங்கள் மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரே வாக்கியம். நான் கேட்ட குஞ்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். அதை அவளிடம் காட்டியிருந்தால் கடலைக்காரர் மறுநாளே எங்கள் தெருவில் நிமிர்ந்து நடந்திருப்பார். நான் அதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். முழுதும் எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தை மாதம் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை.