ஆறு கால் நண்டு

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் பதினொரு வரிசை ஆட்கள். பன்னிரண்டாவது வரிசையில் நின்றால் பந்து தெரியுமா, நெரிசலில் செருப்பு போய்விடுமா என்றெல்லாம் கவலை. ஆனாலும் விட்டுவிட்டுப் போக முடியுமா? இறுதி ஆட்டம் அல்லவா! திருவொற்றியூரில் நான் குமாஸ்தாவாக இருந்த ஸ்டவ் கம்பெனியின் கால்பந்து அணிக்கும் ராயபுரத்து அணிக்கும் மோதல். அறுபதுகளின் கடைசி வருடங்களில் ஒன்று.

எங்கள் ஸ்டவ் நண்டு மார்க். அணிக்கும் நண்டுதான் சின்னம். மைதான வாசலில் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் கைவண்டி போட்டிருப்பார். நண்டு போட்ட கைக்குட்டையும் கொடியும் விற்பார். காசை மிச்சம் பிடிக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பனியனைக் கழற்றி நீட்டுவார்கள். சாயத்தில் தோய்த்த அச்சுக்கட்டையால் டப்பென்று ஒரு குத்து. சிவப்பு நண்டு விழும். கழற்றச் சோம்பல்படுகிறவர்கள் முதுகைக் காட்டிக் குனிவார்கள். லுங்கி, மாதா கோயில் கொடி, கல்யாணப் பந்தல் துணி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் அச்சுப் போடுவார். அதற்கான இருபத்திரண்டு அச்சுக்கட்டைகளும் வண்டியிலேயே இருக்கும். அவை போனால் மறுநாள் அவருக்குத் தொழில் கிடையாது.

அன்று அவற்றைப் பறிக்கத்தான் கம்பெனி வக்கீல் வந்து இறங்கினார், கூடவே ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். கூட வந்த எங்கள் மேனேஜர், கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்து வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நீ வாய்யா. உன் கையெழுத்து நல்லா இருக்கும். பறிமுதல் பட்டியல் எழுது."

உள்ளே விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் வெளியே, கையில் காகிதத்தோடு. எனக்கு அழுகையே வந்தது.

"இது பதிவு செஞ்ச மார்க். கம்பெனி அனுமதி இல்லாம எவனும் போடக் கூடாது. துணி, கட்டை, வண்டி மொத்தமும் ஸ்டேஷனுக்கு," என்றார் வக்கீல்.

பாய் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்க டீமுக்குதானே சார் அல்லாரும் ஜே போட்டுகினு கீறாங்கோ? அதுல கம்பெனிக்கு இன்னா நஷ்டம்?"

"அதை கோர்ட்ல சொல்லிக்கோ."

முதுகைக் காட்டிக் குனிந்திருந்த துறைமுகக் கூலியாள் ஒருவர் நிமிராமலே கேட்டார்: "அப்ப என் முதுகையும் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவீங்களா, மாமு?"

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

நான் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினேன்; அதற்கே அரை மணிக்கு மேல் ஆனது. கைக்குட்டை முப்பத்தேழு. கொடி ஐம்பத்து மூன்று. கட்டை இருபத்திரண்டு. அடுத்து, சின்னத்தின் விவரம். கைக்குட்டையில் இருந்த நண்டை எண்ணினேன்: கொடுக்கு இரண்டு, கால் எட்டு. வக்கீல் பதிவுச் சான்றிதழின் நகலை நீட்டி, "அதே மார்க்தான்னு எழுதி முடி," என்றார். எண்ணாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வேலை போய்விடுமோ, வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது என்று வியர்த்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், உங்க நகல்ல ஆறு கால்தான் இருக்கு."

"ஆறோ எட்டோ, நண்டு நண்டுதான். பாக்கறவன் ஏமாந்தா போதும். சட்டம் அவ்வளவுதான்."

பாய் நகலை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இத்தப் பாத்துதான் சார் நான் திருத்திச் செதுக்கினேன்! உங்க ஸ்டவ்வு டப்பாவுல ரெண்டு காலு கொறச்சலா கீது. காசிமேட்டு மீன்காரன் கையில ஆறு கால் நண்டைக் குடுத்தா மூஞ்சிலயே வுட்டெறிவான். ஆறு காலு இருந்தா அது நண்டா சார்? மூட்டப்பூச்சி!"

சரியாக அப்போது இடைவேளை விசில். உள்ளே இருந்த கூட்டம் சோடா குடிக்க வாசலுக்குப் பாய்ந்தது. நாலு பேர் காதில் விழுந்த சேதி நிமிடத்தில் நானூறு பேருக்குப் பரவியது. வாசலுக்கு மேலே கம்பெனியின் விளம்பரப் பலகை, ஆள் உயர நண்டோடு. கூட்டம் அதைப் பார்த்து உரக்க எண்ண ஆரம்பித்தது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" ஆறில் நிறுத்தி ஓவென்று ஊளையிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து. நானும் அவர்களோடு எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை மூன்றாவது தடவைதான் உணர்ந்தேன்.

"மேனேஜர் சார், மிச்சம் ரெண்டு காலையும் கொழம்புல போட்டுட்டீங்களா?"

"எங்க வூட்லயும் மூட்டப்பூச்சி ஸ்டவ்வுதான்பா. ராவெல்லாம் கடிக்குது!"

மேனேஜர் வெளுத்துப்போனார். வக்கீலைத் தள்ளிக்கொண்டு போய் ரகசியம்போல் பேசினார். நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். "வேணாம் சார். இது கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜும் எண்ணுவாரு. பேப்பர்காரனும் எண்ணுவான்."

"வண்டிய ஏத்தவா, வாணாவா? சீக்கிரம் சொல்லுங்க சார், ஆட்டம் ஆரம்பிச்சுடும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வெறுங்கையோடு போக வக்கீலுக்கு மனமில்லை. உறுதிமொழி ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: இந்தச் சான்றிதழில் கண்டுள்ள நண்டுச் சின்னத்தை இனிமேல் எந்தத் துணியிலும் அச்சிடமாட்டேன்.

படித்துக் காட்டினேன். பாய்க்குச் சந்தேகம். "இந்தப் படத்துல கீற நண்டா? ஆறு காலா?"

"ஆமாம் பாய், ஆறு."

"அல்லா மேல ஆணையா குத்தமாட்டேன் சார்! குடு நைனா, எங்க கையெழுத்து?"

சிவப்புச் சாயம் படிந்த விரல்களால் அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், வண்டியைச் சுற்றி நாற்பத்தோரு பேர் பனியனைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் ராயபுரத்து அணியின் ரசிகர்கள்.