வரிசையில் வலது ஓரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தோழி ஒருவர் கையில் மூன்று நோட்டீஸ்களோடு வீட்டுக்கு வந்தார். மூன்றும் கராத்தே வகுப்புகளுடையவை. பாகாயத்தில் ஒன்று, காட்பாடியில் ஒன்று, லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒன்று. மகளைச் சேர்க்க வேண்டும், எது நல்லது என்று என்னிடம் கேட்டார். கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு நான் நிற்கிற பழைய போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. மாட்டியவள் மனைவி. என் இப்போதைய தொப்பையைப் பார்த்துவிட்டு அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள், இது உங்கள் தம்பியா என்று கேட்பதுண்டு.

யோசனை கேட்டால் எனக்குக் குஷி வந்துவிடும். அரை மணி நேரம் பேசினேன். மூன்று மாதத்தில் கலர் பெல்ட் தருகிறேன் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து, அடிபட்ட பிள்ளையை மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தரையை யார் துடைக்கிறார்கள் என்று பாருங்கள், மாஸ்டரும் துடைத்தால் நல்லது. அவர் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்ணா, இவ்ளோ யாரும் சொல்லல" என்று கிளம்பினார். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மறதி இல்லை, வாய் வரவில்லை. அதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் நெடுநாள் சிநேகிதர், மூஞ்சியில் காறித் துப்ப மாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான்.

நான் கற்றுக்கொண்டது ஆம்பூரில். அப்போது ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் கிளப் நடக்கும். தகரக் கூரை, சிவப்புச் சிமெண்ட் தரை. முதல் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மாமா அதைத் தடவிப் பார்த்து, "துணியிலயா பெல்ட்டு குடுக்குறாங்க? நம்மூர்ல தோலுக்கா பஞ்சம்?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

கிளப்பில் சட்டங்கள் அதிகம் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாஸ்டர் கறார். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லோரும் வரிசையில் நின்று வணங்க வேண்டும். முன் வரிசையில் பெரிய பெல்ட் வலது ஓரம், அப்படியே இடது பக்கம் இறங்கிக்கொண்டே வரும், மீதிப் பேர் அதே கணக்கில் பின் வரிசைகளில். இரண்டு பேர் ஒரே பெல்ட் என்றால் முன்னால் சேர்ந்தவன் வலது பக்கம். கம்பெனி மேனேஜராக இருந்தாலும், மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும், ஹாலுக்குள் அது ஒன்றுதான் கணக்கு.

எங்கள் வலது ஓரத்தில் நின்றவன் ஏழுமலை. ஆலங்காயம் பக்கத்துக்காரன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், நெட்டையன். அவனுக்கும் எனக்கும் பிரவுன் பெல்ட். எனக்கு எட்டு மாதம் முன்னால் சேர்ந்தவன் என்பதால் அவன் இடம் எனக்கு வலப் பக்கம். அவன் உதைத்தால் காலின் காற்று நம் காதில் படும், கால் படாது. அவ்வளவு அடக்கம். என்னைத் "தோஸ்து" என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் இழுத்து வெளியே போடுகிற வேலை. அந்தத் தொட்டி நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அழுகின முட்டையைச் சுண்ணாம்பில் குழைத்த மாதிரி இருக்கும். சோப்புப் போட்டால் சோப்பு வாசனையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். நகக்கண்ணில், தலைமுடியில் எல்லாம் தங்கிவிடும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் அப்பாவுக்கும் அதே வேலை. இருபத்தேழு வருஷம். எங்கள் வீட்டுச் சோற்றில், பாயில், என் பள்ளிக்கூடப் பையில் எல்லாம் அந்த வாசனைதான். அதை நான் கிளப்பில் யாரிடமும் சொன்னதில்லை. அத்தர் பூசிக்கொண்டு போவேன். மல்லிகை அத்தர், ஜாஸ்தியாகவே. அதைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு கோடைக்காலத்தில் மாஸ்டரின் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒரு மாதம் ஊருக்குப் போக வேண்டிய நிலைமை. ஏழுமலைக்கு ஷிப்டு மாறி மாறி வரும், தினமும் நேரத்துக்கு வர முடியாது என்பதால் ஹால் சாவியை என்னிடம் கொடுத்தார். "புதுசா எதுவும் சொல்லித்தராத. வரிசைய மட்டும் மாத்தாம பாத்துக்கோ. கிளாஸ் தானா நடக்கும்" என்றார். அவர் எனக்கு இட்ட வேலை அது ஒன்றுதான்.

அவர் போன இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், எட்டுப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. முன்னாடி நிக்கிறாரே, அவருக்குப் பின்னாடி நிக்க முடியலங்குறான் பையன். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்றான்" என்றார். நல்ல அம்மாதான், மெதுவாகத்தான் சொன்னார். என் அத்தர் பூசிய உடம்பு அந்த நேரத்தில் குறுகிப்போயிற்று. "பாத்துக்கறேன் மேடம்" என்றேன். அந்த 'மேடம்' என் வாயில் எவ்வளவு இனிப்பாக வந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மறுநாள் எல்லோரும் வரிசைக்கு வந்தபோது சொன்னேன். "இனிமே உயரப்படி நிக்கலாம். குள்ளமா இருக்கிறவங்க முன்னாடி, உயரமா இருக்கிறவங்க பின்னாடி. சின்னப் பசங்களுக்கு மறைக்குது பாருங்க."

இருப்பதிலேயே உயரம் ஏழுமலை. அவனுக்கு விழுந்த இடம் கடைசி வரிசை, கதவோரம், காற்று வெளியே போகிற பக்கம். எல்லாவற்றையும் அளந்துதான் சொல்லியிருந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். "சார் சொன்னாரா?" என்று கேட்டான்.

"சொன்னாரு" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றான். நான் முன்னால் மாஸ்டர் நிற்கிற இடத்தில் நின்று வணக்கத்தை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய். எனக்கு வலப் பக்கம் யாரும் இல்லாதது அன்றைக்குச் சுகமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் சீக்கிரமே போனேன். பள்ளிக்கூடக் குழாயடியில் ஏழுமலை குந்தியிருந்தான். எலுமிச்சைத் தோலை வைத்து முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்துத் தேய்த்துச் சில இடங்களில் தோல் சிவந்து உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையை என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினான்.

"இப்ப கம்மியா இருக்குதா தோஸ்து?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உயரம், சின்னப் பசங்க, சார் சொன்னது, எல்லாம்.

"இன்னாது?" என்று கேட்டேன் நான். ஒன்றும் புரியாதவன் மாதிரி.

அவன் கையை மெதுவாக இறக்கிக்கொண்டான். "ஒண்ணுமில்ல" என்றான். அன்றைக்கும் கதவோரம் நின்று முழு வகுப்பையும் செய்தான். கடைசியில் ஈரச் சாக்கை எடுத்து, எப்போதும் போல அவன்தான் தரையைத் துடைத்தான். அதற்குப் பிறகு வரவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்த அன்றைக்கு, அவர் வருவதற்கு முன்பே பழைய வரிசையை வைத்துவிட்டேன். அந்தச் சாமர்த்தியத்துக்கெல்லாம் குறைச்சல் இல்லை. அவர் வலது ஓரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏழுமலை எங்க?" என்றார்.

"ஷிப்டு மாத்திட்டாங்களாம் சார்."

"டெஸ்ட் வருதே. நீ போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் சார். இந்த வருஷம் வேணாம்னுட்டான்."

தோல் ஷாப் கேட் எங்கள் கம்பெனியிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவே இல்லை. மாஸ்டர் பட்டியலை எடுத்து அவன் பெயரை அடித்தார். கறுப்பு பெல்ட் டெஸ்டுக்கு எங்கள் கிளப்பிலிருந்து இரண்டு பேர் போக வேண்டியது, நான் ஒருவன்தான் போனேன். வேலூரில் நடந்தது. தேர்வாளர் எங்கள் கிளப்பில் யார் சீனியர் என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான்.

பல வருஷம் கழித்து ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் அவனே என்னைக் கண்டுபிடித்தான். தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறேன் என்றான். தலை நரைத்திருந்தது, உடம்பு அதே கட்டு. டீ வாங்கிக்கொண்டு திரும்பியவன், எனக்கு வலது பக்கம் இடம் இருந்தும் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றான். எனக்குத் தற்செயலாகத்தான் பட்டது. அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். "நீ பிளாக் பெல்ட் வாங்கிட்டனு கேள்விப்பட்டேன். நீதானே இப்ப சீனியரு."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ் பதினைந்து நிமிஷத்தில் வரும், எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் ஏறிவிட்டேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கூட ஹால் இல்லை, இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் மகனோடு வெளியூர் போய்விட்டார், கிளப்பும் கலைந்துவிட்டது. அப்பா இல்லை. தோல் ஷாப் இருந்த இடத்தில் மதில் மட்டும் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. தோழி கேட்டதற்கு நான் சொல்லாமல் விட்ட யோசனை இதுதான்: வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், கதவோரம் நிற்கிறவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேளுங்கள்.

குழாயடியில் அவன் கேட்டதற்கும் ஒரு பதில் இருந்தது. அன்றைக்கே தெரியும். "எனக்கு நாறலடா, எங்கப்பா மேலயும் இதே வாசனதான்" என்று சொல்லியிருந்தால் போதும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் வலப் பக்கம் நின்றிருப்பான்.