பெருவாயனோடு எழுதிய ஒப்பந்தம்

கல்முனை மீன் சந்தையில் நளீமிடம் சூரை வெட்டக் கொடுப்பவர்கள் அவனோடு பேரம் பேசுவதில்லை. கத்தியை அவன் பிடிக்கும் விதம் அப்படி. பதினைந்து கிலோ மீனின் தலை ஒரே போடில் மரக்குத்தியிலிருந்து உருண்டு போகும். கழுத்துத் தடித்தவன். சிரித்தால் முகம் நல்லாயிருக்கும், சிரிப்பது குறைவு.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. மருதமுனைக் கரையில் உம்மாவும் தங்கை ஸப்னாவும் போனார்கள். ஸப்னாவைக் கண்டெடுக்கவே முடியவில்லை. முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றவனைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனவன் ஸிராஜ். மீன் லொறிகள் வைத்திருந்த ஸிராஜ் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தான், படுக்க இடம் கொடுத்தான், பிறகு ஒரு இரும்புக் கம்பியும் கொடுத்தான்.

பத்து வருடம் நளீம் ஸிராஜுக்காக அடித்தான். லொறிக்கு மீன் போட மறுத்தவர்களின் வலைகளை அறுத்தான். ஒருவனுடைய விரல்களை லொறிக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். சாய்ந்தமருதில் மீராமுகைதீன் என்ற மீனவனைத் துடுப்பால் காதடியில் அடித்தபோது, அவனுடைய சின்ன மகள் வாசலில் நின்று சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காது பிறகு கேட்கவில்லை. நளீமின் மூத்தவள் பிறந்த கிழமை, அவன் ஸிராஜிடம் போய் இனி வரமாட்டேன் என்றான். ஸிராஜ் கோபிக்கவில்லை. "போ. கூப்பிட்டா வருவாய்தானே" என்றான்.

மீராமுகைதீன் இப்போதும் நளீமிடம்தான் மீன் வாங்குகிறான். கதைப்பதில்லை. விலை கேட்க நல்ல காதைத் திருப்பிக் காட்டுவான், அவ்வளவுதான்.

பவிதரனை நளீம் சந்தித்தது கரண்ட் இல்லாத வருடத்தில். பாண்டிருப்புப் பொடியன், கொழும்பில் கணினி வேலை போய் ஊருக்கு வந்து, கல்முனையில் போன் திருத்தும் கடை போட்டிருந்தான். நளீம் தண்ணீரில் விழுந்த போனோடு போனபோது மின்வெட்டு. கடையின் பின்னறையில் பவிதரனும் நூஹு மாஸ்டரும் ஒரு கொப்பியை விரித்து வைத்து, இருபது முகமுள்ள பச்சைக் கட்டையொன்றை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நூஹு மாஸ்டர் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு கால் சற்று இழுக்கும்.

"என்ன சூதா?" என்றான் நளீம்.

"சூதில்ல காக்கா, கதை" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் பவிதரன். "நான் ஒரு உலகத்தச் சொல்லுவன். நீங்க அதுக்குள்ள ஒரு ஆள். என்ன செய்யிறீங்க எண்டு நீங்க சொல்லணும். வெட்டு விழுதா இல்லயா எண்டு கட்டை சொல்லும்."

கரண்ட் வர மூன்று மணித்தியாலம் இருந்தது. நளீம் உட்கார்ந்தான். வாள்காரன், மந்திரவாதி, கள்வன் என்று பவிதரன் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்து, கடைசியில் ஒப்பந்தக்காரனைச் சொன்னான். அவனுக்குச் சொந்தமாக மந்திரம் கிடையாது. அமானுஷ்யமான ஒரு எசமானோடு ஒப்பந்தம் எழுதுவான். எசமான் பெலன் தருவான், இவன் அதன் வேலையைச் செய்வான்.

"இது எனக்குத் தெரியும்" என்றான் நளீம். "இதத் தாங்க."

"எசமான் ஆரு? நீங்கதான் உண்டாக்கணும்."

நளீம் நேரமெடுத்தான். "கடலுக்கு அடியில ஒருத்தன். வாயத் துறந்தா ஊர் போகும். பேர் பெருவாயன்."

"அவனோட ஏன் ஒப்பந்தம்?"

"தூரத்தில நிண்டு அவன வெட்ட ஏலா. கிட்டப் போகணும்."

நூஹு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தம்பி குடும்பமும் கடல் வந்த அதே காலையில் போனதுதான். பவிதரன் ஒரு கொப்பித் தாளை நீட்டினான். நளீம் கோணல் எழுத்தில் எழுதினான்: 'பெருவாயனுக்கு என் உயிரை எழுதித் தந்தேன். அவன் சொல்பவனை வெட்டுவேன்.' கீழே தன் ஆளின் பெயரைப் போட்டான்: காரி.

அதிலிருந்து ஞாயிறு தோறும், பின்னேரம் சந்தைப் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு, நளீம் பின்னறைக்குப் போனான். சந்தையிலிருந்து நேரே வருவதால் சாக்கில் சுற்றிய கத்தியும் கூடவே வரும்.

கதைக்குள் காரி பொல்லாதவன். உப்புக்கோட்டையின் வாசலில் பதினொரு காவல்காரர்களைக் காய்ந்த மண்ணில் நிற்கவைத்தே மூழ்கடித்தான். அவர்களுடைய வாயிலும் மூக்கிலும் கடல் பொங்கி வந்தது. பெருவாயன் கேட்டதற்காக ஒரு கப்பல்தலைவனைப் பாய்மரத்தில் தைத்தான். சரணடைந்த ஒருவனையும் வெட்டினான். ஒவ்வொரு கொலைக்கும் காரியின் கையில் ஒரு செதில் முளைக்கும் என்று பவிதரன் விதி வைத்திருந்தான். முழங்கைவரை வந்துவிட்டது. நூஹு மாஸ்டரின் ஆள் ஆயுதம் தொடாத ஒரு வைத்தியன். காரி வெட்டிப்போட்டவர்களில் சாகாதவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டே பின்னால் வருவான்.

"அந்தாள் கையத் தூக்கிட்டானே நளீம், ஏன் வெட்டின?" என்று ஒருநாள் மாஸ்டர் நிஜமாகவே கோபித்தார்.

"செல்லிட்டாங்க, வெட்டினன்."

"ஏலா எண்டு செல்ல வாய் இல்லயா?"

அன்று வீட்டுக்குப் போன நளீம் சாப்பிடவில்லை. மனைவி சிபானா கேட்டதற்கு, "ஒரு விளையாட்டு, அதில ஒருத்தனக் கொன்னுட்டன்" என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "விளையாட்டிலதானே? அல்ஹம்துலில்லாஹ். சோத்தத் தின்னுங்க" என்றாள்.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஸிராஜ் சந்தைக்கு வந்தான். வயிறு வைத்து, தாடி நரைத்திருந்தது. நளீமின் மரக்குத்திக்கு முன்னால் நின்று, சுற்றி நின்றவர்கள் ஒதுங்கும்வரை காத்திருந்தான்.

"போன் கடைக்காரப் பொடியன உனக்குத் தெரியுமாம். அவன்ட கடைக் காணியையும் பக்கத்துக் காணியையும் நான் வாங்கிட்டன். கட்டிடம் போடணும். அவன் குத்தகை முடிய இன்னும் மூணு வருசம் எண்டு கடதாசியக் காட்டிறான். கைய முறிச்சா போயிருவான். கை இல்லாம போன் திருத்த ஏலாதானே?"

"ஏலா, ஸிராஜ் காக்கா."

"ஆருக்கு ஏலா?"

"எனக்கு."

ஸிராஜ் மீன் இரத்தத்தில் செருப்பு படாமல் ஒரு அடி கிட்ட வந்தான். "முகாமில உன்னத் தூக்கினவன் ஆரு?"

"நீங்கதான். அதுக்குப் பத்து வருசம் அடிச்சன். இனி ஏலா."

ஸிராஜ் போய்விட்டான். இரண்டே நாளில் ஒரு படம் ஊர் போன்களிலெல்லாம் ஓடியது. கடைக்கு வந்த யாரோ மேசையில் கிடந்த கொப்பியைப் படம் எடுத்திருக்கிறார்கள்: 'பெருவாயனுக்கு என் உயிரை எழுதித் தந்தேன்.' தமிழ்ப் பொடியன் ஒருவன் எங்கட முஸ்லிம் ஆக்களை ஷைத்தானுக்கு உயிர் எழுத வைக்கிறான் என்று கீழே போட்டிருந்தது. போட்டது ஸிராஜின் ஆட்கள்.

ஞாயிறு வந்தபோது பவிதரன், "இண்டைக்கு வேணாம் காக்கா, நீங்க ரெண்டு பேரும் வீட்ட போங்க" என்றான்.

"நீ தனியா இரிக்கப் போறியா?" என்று நூஹு மாஸ்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "விட்ட இடத்திலிரிந்து செல்லு."

விட்ட இடம் மோசமான இடம். பெருவாயன் காரியிடம் வைத்தியனின் தலையைக் கேட்டிருந்தான். பவிதரன் தயங்கித் தயங்கி அதைத் திரும்பச் சொன்னான். நளீம் கட்டையை எடுத்துக் கையில் உருட்டினான்.

"ஒப்பந்தத்த முறிக்கிறன்" என்றான்.

"முறிச்சா பெலன் எல்லாம் போயிரும். அவனே எழும்பி வருவான். வெறுங்கையோட நிக்கணும் நீங்க."

"வரட்டும்."

பவிதரன் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினான். கடல் பின்வாங்கியது. படகுகள் சேற்றில் சரிந்தன. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தெரு அகலத்துக்கு வாய் திறந்தது. காரியின் கைச் செதில்கள் ஒவ்வொன்றாகத் தோலோடு பிய்ந்தன. நளீம் உருட்டினான், பதினேழு. மேல் உதட்டில் ஒரு வெட்டு. மறுபடி உருட்டக் கை ஓங்கியபோது கடையின் முன் தகரக் கதவில் முதல் கல் விழுந்தது.

ஏழு பேர் வந்திருந்தார்கள். பின்னால், மோட்டார் சைக்கிளில் ஸிராஜ். கதவு உடைந்ததும் ஒருவன் பெற்றோல் போத்தலை எறிந்தான். போன் உறைகள் பற்றிக்கொண்டன. பவிதரன் தீயணைக்க ஓடினான். முன்னால் வந்தவன் பொல்லால் அவன் தோளில் அடித்து விழுத்தினான். நூஹு மாஸ்டர் கால் இழுக்க இழுக்கப் போய்ப் பவிதரனின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டாவது அடி அவருடைய முதுகில் விழுந்தது.

நளீமுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பொல்லுக்காரனின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தான். அடுத்தவனின் முழங்காலைப் பக்கவாட்டில் உதைத்தான். சுள்ளி முறிவது போலச் சத்தம் கேட்டது. மூன்றாமவன் வாளோடு வந்தான். நளீம் இடக்கையை நீட்டித் தடுத்தான். வாள் உள்ளங்கையைக் குறுக்கே அறுத்து எலும்பில் நின்றது. வலக்கை சாக்குக்குள் போய்க் கத்தியோடு வெளியே வந்தது.

அதைக் கண்டு மற்றவர்கள் ஓடினார்கள். ஸிராஜ் மோட்டார் சைக்கிளை உதைத்தான், அது எடுபடவில்லை. நளீம் தெருவில் அவனைப் பிடித்தான். சட்டையோடு இழுத்து நிலத்தில் போட்டு, தொடையில் குத்தினான். ஒரு குத்து பிடிவரைக்கும் போனது. இரண்டாவது குத்தும் தொடையில்தான். மூன்றாவதாக ஓங்கிய இடம் கழுத்து.

"நளீம்! மனே!" என்று புகைக்குள்ளிருந்து மாஸ்டர் கத்தினார். "கையத் தூக்கிட்டான்டா!"

ஸிராஜ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். நளீம் ஓங்கிய கையை இறக்கினான். பிறகு கத்தியைத் தெருவில் வைத்துவிட்டு, பொலிஸ் வரும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கடை பாதி எரிந்தது. பவிதரனின் தோளெலும்பு இரண்டு மாதத்தில் பொருந்தியது. நளீமின் இடக்கையில் மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பள்ளிவாசல் நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டபோது மாஸ்டர் கொப்பியைக் கொண்டுபோய் மௌலவியின் முன் வைத்தார். மௌலவி எல்லாப் பக்கத்தையும் ஆற அமர வாசித்தார். "இப்படி எழுதாதீங்க, சனம் குழம்பும்" என்று நளீமைக் கண்டித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த வாய்க்காரன் கடைசியில செத்தானா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல, ஹஸ்ரத்" என்றார் மாஸ்டர்.

வழக்கு ஒரு வருடம் இழுத்தது. விசாரணைத் தவணைக்கு முந்தின கிழமை ஸிராஜ் ஊன்றுகோலோடு நளீமின் வீட்டு வாசலுக்கு வந்தான். கடை எரிந்ததை நளீமும் பவிதரனும் மறந்தால், குத்தியது யாரென்று தான் காணவில்லை என்று சொல்வானாம். "ரெண்டு பேருக்கும் நல்லம். பழையபடி இரிப்பம்" என்றான்.

நளீம் கதவைச் சாத்தினான். சிபானா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள போனா புள்ளைகளுக்கு ஆரு?" என்று நெஞ்சில் அடித்து அழுதாள்.

நீதிமன்றத்தில் கேட்டார்கள். "குத்தினது நான்தான்" என்றான். "ரெண்டு தரம் குத்தினன். மூணாவதும் குத்த ஓங்கினன்." கடை எரிந்ததையும் எரித்தவர்களின் பெயர்களையும் சொன்னான். கேட்காமலே, துடுப்பால் ஒருவனை அடித்ததையும் சொல்லப் போனான்; சட்டத்தரணி சட்டையைப் பிடித்திழுத்து உட்காரவைத்தார். இரண்டு வருடச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது; அதற்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போக வேண்டியதில்லை. ஸிராஜும் இரண்டு பேரும் தீவைத்த வழக்கில், விசாரணை முடியும்வரை விளக்கமறியலில் அடைபட்டார்கள்.

நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்ததும் சிபானா அவனுடைய மடங்கிய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். மீனை அமத்திப் பிடிக்க அந்தக் கை இனி உதவாது.

"நான் வெட்டுறன்" என்றாள். "என்ட வாப்பாவும் மீன் வெட்டினவர்தான். நீங்க நிண்டு விலையச் செல்லுங்க."

"சந்தையில பொம்புள வெட்டினா சனம் கதைக்கும்."

"இவ்வளவு நாளும் கதைக்காமயா இருந்தாங்க?"

மறுநாள் காலை, அபாயாவின் கையை மடித்துவிட்டு, சிபானா மரக்குத்திக்கு முன்னால் குந்தினாள். முதல் மீன் ஒரு பாரை. தலையை எடுக்க அவளுக்கு மூன்று போடு தேவைப்பட்டது. நளீம் பக்கத்தில் நின்று, சந்தை முழுக்கக் கேட்கும்படி விலை கூவினான்.